கிரிச்

கெலாங் பாத்தாவைச் சுற்றியுள்ள செம்பனைக் காடுகளிலும் ஆற்றோரக் கொட்டகைகளிலும், சாக்குப் போர்த்திய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்ஜின் ஏதாவது படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடக்கும் என்பது அலங்காரப் பேச்சில்லை. யன்மாரோ, சீனத்து எஸ்195ஓ, இந்த வகையில் சிலிண்டரே கிடையாகத்தான் இருக்கிறது. எஸ்195இன் பெயரில் வரும் 1 சிலிண்டரின் எண்ணிக்கை. 95 மில்லிமீட்டரில் அதன் விட்டம். வண்டியில் சற்றுப் போனால் தஞ்சோங் பெலேப்பாஸ் துறைமுகம். 2000இல் சிங்கப்பூரை விட்டு மெர்ஸ்க் நிறுவனம் வந்து சேர்ந்த இடம். அந்நிறுவனத்தின் எம்மா மெர்ஸ்க் கப்பலில் பதினான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 96 சென்டிமீட்டர். காற்றை நசுக்கிச் சூடாக்கி அதில் எண்ணெயைப் பீய்ச்சுவதுதான் அங்கும் வேலை, இங்கும் வேலை. ஆனால் கையால் சுற்றி எழுப்ப முடிவது சின்னதை மட்டும். நயம் பார்க்க அதுவே தோது.

ருடால்ஃப் டீசல் 1897இல் அவுக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்ஜின் ஆளைவிட உயரம், எடை டன் கணக்கில். உழவர் கையாளும் அளவுக்கு அதைச் சுருக்கி 1933இல் கொண்டுவந்தவர் யன்மாரை நிறுவிய ஜப்பானியர் யமாவோக்கா மகோகிச்சி. நம் தோட்டத்து லயங்களுக்கு முன்னிரவில் மட்டும் விளக்கெரித்த எஞ்ஜின்களும் டீசல்தான். எஞ்ஜின் நின்றால் தூங்க வேண்டிய நேரம் என்று பழைய தோட்டத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

பல ஆண்டு கிடந்த எஞ்ஜினிடம் போனதும் ஹேண்டிலை மாட்டிச் சுற்றுபவன் முரடன். தெரிந்தவர் முதலில் ஃபிளைவீலை வெறுங்கையால் அசைத்துப் பார்ப்பார். அசையாவிட்டால் பிஸ்டன் வளையங்கள் துருவில் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எஞ்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைக்க வேண்டும். நின்ற சிலிண்டரானால் எண்ணெய் பிஸ்டன் தலைமேல் தேங்கி வட்டம் முழுக்க இறங்கும். படுத்த சிலிண்டரில் அடிப்பக்கம் மட்டும் நனையும், மேல்பக்கம் காய்ந்தே கிடக்கும். ஆகவே தாராளமாக ஊற்ற வேண்டும், நாளும் விட வேண்டும். பிறகு வீலை முன்னும் பின்னுமாக ஆட்ட, ஒரு நகக்கண் அளவு இடம் கொடுக்கும். அந்த நகக்கண் கிடைத்தால் மீதி தானாக வரும். நாசிலைத் திரும்பப் பூட்டும் முன் வீலைச் சுற்றி, உள்ளே ஊற்றியதை அந்தத் துளை வழியாகவே வெளியே துப்ப வைக்க வேண்டும். எண்ணெய் காற்றைப்போல நசுங்காது. உள்ளே தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

அடுத்தது டேங்க். மலேசிய எண்ணெய் நிலையங்களில் டீசலோடு பாமாயிலிலிருந்து செய்த எரிபொருளும் கலந்து வருகிறது. 2019இல் வாகன டீசலில் அது பத்து விழுக்காடாயிற்று. கொட்டகைக்கு வெளியே நிற்கும் மரத்தின் பழச்சாறு ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டகைக்குள்ளே வந்துவிடுகிறது! நல்ல எரிபொருள்தான், ஆனால் ஈரத்தை இழுக்கும். அடியில் நீர் தங்கும்; நீரும் எண்ணெயும் தொடும் விளிம்பில் பூஞ்சை படரும். வடித்தால் கறுத்த வழவழப்பாக வரும். அதைக் கழுவாமல் புது டீசல் ஊற்றுவது வீண்.

இனி டீசல் பம்ப். அதன் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் இரண்டு மூன்று பங்கு. தலைமுடி அதைவிட இருபது மடங்காவது தடிமன். வாஷர் கிடையாது, சீல் கிடையாது. இரும்போடு இரும்பு பொருந்திய நேர்த்தியே அடைப்பு, ஓடுகிற டீசலே மசகு. பழைய டீசல் பிசினாக உறைந்தால் பிளஞ்சரோ எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கோ இறுகிக்கொள்ளும். ரேக்கை விரலால் தள்ளி, வழுக்கிப் போய்த் திரும்புகிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. முழுத் திறப்பில் அது மாட்டியிருந்தால் எஞ்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் பிடிக்க முடியாது.

டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது, தனி இன்பம். ஃபில்டர் திருகைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் கண்ணாடிபோல் டீசல். பிறகு பம்ப் பக்கத்திலும் அதையே செய்ய வேண்டும். எல்லாம் முடித்து வீலை மெல்லச் சுற்றும்போது ஓரிடத்தில் நாசில் 'கிரிச்' என்கிறது. பம்ப் அழுத்தம் ஏறி, நாசில் ஊசி தன் ஸ்பிரிங்கை எதிர்த்து எழும்பி, டீசலைப் புகையாகச் சிதறடித்துவிட்டுத் திரும்ப உட்காரும் சத்தம் அது. காற்று இருந்தால் கிரிச் இல்லை. ஊசி ஒட்டியிருந்தாலும் இல்லை. ஒழுகினால் மொத்தையாக ஒரு முனகல். இத்தனையையும் மீட்டர் இல்லாமல் ஒரு சத்தம் சொல்லிவிடுகிறது. எனக்கு இந்த எஞ்ஜினில் மிகப் பிடித்தது இதுவே. இதைக் கேட்கப் பொறுமையில்லாதவர்கள்தான் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே டப்பாவைத் தேடுகிறார்கள்.

டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்தால் வால்வு திறந்து நிற்கும். சுற்றச் சுமையே இருக்காது. "தம்பி, கட்டைவிரலையும் மத்த விரலோட சேர்த்து வை, சுத்திப் பிடிக்காதே," என்பார் பழகியவர். எஞ்ஜின் திருப்பி உதைத்தால் அந்த விரலைத்தான் முறிக்கும். நிதானமாகச் சுற்றச் சுற்ற, ஆயில் ஏறியதைக் காட்டும் சிவப்புக் குமிழ் மேலே எழுகிறது. வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். எந்தக் கையும் நேரடியாகத் தாண்ட முடியாத அழுத்தத்தை, அந்தக் கை முன்கூட்டியே வீலில் சேர்த்து வைத்த ஓட்டம் தாண்டுகிறது. காற்று இருபதில் ஒரு பங்காக ஒடுங்கி ஐந்நூறு டிகிரியைத் தாண்டும். டீசல் தானாகப் பற்ற அதில் பாதி போதும். டக். ஒரு தயக்கம். டக், டக். எஞ்ஜின் கையை முந்திய நொடியில், ஹேண்டில் மாட்டியிருந்த முனையின் சாய்வான வெட்டே அதை வெளியே தள்ளிவிடுகிறது.

முதலில் வெள்ளைப் புகை, எரியாத டீசல். அப்புறம் நீலம், ஊற வைத்த ஆயில். அதுவும் ஓய்ந்து புகைபோக்கி வாயில் வெறும் அனல் தெரியும்போது தண்ணீர்த் தொட்டி கொதிக்க ஆரம்பிக்கும். ரேடியேட்டர் இல்லாத வகைகளில் பயப்படத் தேவையில்லை. கொதித்து ஆவியாவதுதான் அங்கே குளிரூட்டும் முறை. மிதவையின் சிவப்புப் பந்து இறங்கினால் ஒரு வாளி ஊற்றினால் போதும். சூடாக இருக்கும்போதே எஞ்ஜின் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுவார்கள். ஊற வைத்த டீசல் கசிந்து பழையதில் கலந்திருக்கும்.

திரும்பக் கிடப்பில் போடுவதானால் இன்னொரு வேலை உண்டு. நின்ற எஞ்ஜினை அப்படியே விட்டால், வீல் நின்ற இடத்தைப் பொறுத்து ஏதோ ஒரு வால்வு திறந்து கிடக்கலாம். புலாய் ஆற்றுச் சதுப்பிலிருந்தும் நீரிணையிலிருந்தும் வரும் உப்பு ஈரம் அந்த வழியாக நேரே சிலிண்டருக்குள் போகும். வளையங்களை ஒட்ட வைத்தது அதுதான். ஆகவே வீலைக் கையால் சுற்றி, அழுத்தம் கனக்கும் இடத்தின் உச்சியில் நிறுத்தி விடுகிறார்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும்.