கல்யாணம் ஆகாத கதாநாயகிகள்

நாவலாசிரியர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாத ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டால், கடைசி அத்தியாயத்துக்குள் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைத் தேடிவிடுவார்கள். கிடைக்காவிட்டால் அவளை அழவைத்துவிடுவார்கள். இந்த இரண்டையும் செய்யாத இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று லண்டன் கதை, மற்றது டோக்கியோ கதை.

பார்பரா பிம் எழுதிய 'எக்ஸலண்ட் விமன்' 1952-ல் வெளிவந்தது. யுத்தம் முடிந்தும் ரேஷன் தீராத லண்டன். மில்ட்ரெட் பாதிரியார் ஒருவரின் மகள், முப்பதைத் தாண்டியவள், தனியாகக் குடியிருக்கிறாள். கீழ்ப்பகுதிக்கு ஒரு தம்பதி குடிவருகிறார்கள். அவர்கள் சண்டை போட்டால் டீ போட்டுக் கொடுத்து ஆறுதல் சொல்வது மில்ட்ரெட். பிரிந்தால் மேஜை நாற்காலிகளை ஏற்றி அனுப்புவதும் மில்ட்ரெட். அவளுக்குத்தான் குடும்பம் இல்லையே, நேரம் இருக்குமே என்பது எல்லோருடைய எண்ணம். தனிமையல்ல அவள் கஷ்டம். அவளைத் தனியாக இருக்க யாரும் விடுவதில்லை என்பதே கஷ்டம்.

ஜப்பானிய ஆசிரியை ஸயாகா முராட்டாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்' 2016-ல் அகுதாகவா பரிசு பெற்றது. அதன் நாயகி கேகோவுக்கு 36 வயது. பதினெட்டு வருஷமாக ஒரே கடையில் வேலை. ஜப்பானில் 2020 ஜனத்தொகைக் கணக்குப்படி நூறு வீடுகளில் ஏறக்குறைய 38 வீடுகள் ஒற்றை ஆள் வீடுகள். அப்படிப்பட்ட தேசத்திலும் 'ஏன் இன்னும் கல்யாணம் இல்லை?' என்ற கேள்வி ஓயவில்லை. கேள்வியிலிருந்து தப்ப, ஒன்றுக்கும் உதவாத ஒரு சோம்பேறியைக் கேகோ வீட்டில் குடிவைக்கிறாள். உடனே எல்லோருக்கும் ஆனந்தம்! அவன் எப்படிப்பட்டவன் என்பது யாருக்கும் பொருட்டில்லை. ஆண் ஒருவன் இருக்கிறான், அது போதும். இந்த இடத்தில் முராட்டாவின் பரிகாசம் வெகு கூர்மை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. சிறு வயதில், செத்த பறவையைக் கண்டு மற்றக் குழந்தைகள் அழும்போது, அதைச் சுட்டுத் தின்னலாம் என்று சொன்னவள் கேகோ. அவளை இத்தனை விசித்திரமாகப் படைத்ததால், 'அவள் ஒரு மாதிரி' என்று வாசகன் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறான். மில்ட்ரெட்டிடம் அந்த வழி கிடையாது. அவளிடம் விசேஷம் எதுவும் இல்லை. 'உனக்கென்ன, தனி ஆள்தானே' என்று சொல்லி அவளைப் போன்ற ஒருத்தியை ஆஸ்பத்திரித் துணைக்கு அழைக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

விசித்திரமானவளை எழுதுவது சுலபம். சாதாரணமான ஒருத்தி தனியாக இருக்கிறாள், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதுவது கஷ்டம். இந்த மாதிரி எழுத்துக்கு உடனடி மதிப்புக் கிடைப்பதுமில்லை. பழம்பாணி என்று பிரசுரகர்த்தர்கள் ஒதுக்கியதால் 1961-க்கும் 1977-க்கும் இடையே பிம்மின் நாவல் ஒன்றுகூட வெளிவரவில்லை. முராட்டாவைப் படித்துச் சிரித்தேன். பிம்மைப் படித்தபின், எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரை இனி வேறு விதமாக விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் காரணத்தினாலேயே பிம்மின் நாவல்தான் உயர்ந்தது என்று கருதுகிறேன்.