வாயிற்காவலும் வாயிற்படியும்

தவக்காலத்தில் விவிலியத்தை முதலிலிருந்து முடிவு வரை வாசித்துவிடுவோம் என்று உறுதி பூணுவோர் பலர், குறிப்பேட்டு நூல்களை அடைந்ததும் தளர்ந்துவிடுகின்றனர். குலவரிசை, பெயர்ப்பட்டியல், எண்ணிக்கை என்று பக்கங்கள் நீள்கின்றன. அவற்றுள்ளும் கண் நில்லாமல் தாண்டிச் செல்லும் பகுதி, கோவில் வாயில்காப்போரைப் பற்றியது. முதல் குறிப்பேட்டின் 9-ஆம் அதிகாரமும் 26-ஆம் அதிகாரமும் இவர்களுக்கென்றே பெரும் இடத்தை ஒதுக்கியுள்ளன. இப்பகுதிகளை இலக்கியமாக வாசிக்க இயலுமா என்று கேட்டால், இயலும் என்பதே நம் விடை. இவற்றைத் தள்ளிவிட்டால், நாம் அடிக்கடி பாடி மகிழும் 84-ஆம் திருப்பாடலின் ஒரு சொல் நமக்குப் பாதிதான் விளங்கும் என்பதும் நம் கருத்து.

முதலில் இவர்கள் செய்த பணியைக் காண்போம். காவல் என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம், ஈட்டி பிடித்து அசையாது நிற்கும் ஒருவன். கோவில் வாயில்களில் கதை ஊன்றி நிற்கும் துவாரபாலகர் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அவ்வுருவம் தோன்றுவது இயல்பே. குறிப்பேட்டின் ஆசிரியர் காட்டும் வாயில்காப்போரோ சற்றும் ஓய்வில்லாத மனிதர்கள். அவர்கள் இரவில் கோவிலைச் சுற்றித் தங்குகின்றனர். விடியற்காலையில் கதவைத் திறக்கின்றனர். கருவூலமும் பண்டக அறைகளும் அவர்கள் பொறுப்பில் உள்ளன. வழிபாட்டுக் கலங்களை வெளியே எடுக்கும்போதும் உள்ளே வைக்கும்போதும் எண்ணிச் சரிபார்க்கின்றனர். மாவு, திராட்சை இரசம், எண்ணெய், சாம்பிராணி, நறுமணப் பொருள்கள் இவற்றைக் கண்காணிப்போரும் உண்டு. வாயில்காப்போரின் தலைவரான சல்லூமின் தலைமகன், தட்டையப்பம் சுடும் பணியைக் கவனித்தான் என்றுகூட நூல் சொல்கிறது. நம் பங்குகளில் கோயில்பிள்ளை என்று நாம் அழைக்கும் மனிதருக்கு இவர்கள் மிக நெருங்கியவர்கள். இருள் பிரியுமுன் கதவைத் திறந்து, மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றி, திருப்பலிக்குரிய கலங்களை எடுத்து வைத்து, எல்லாரும் சென்றபின் பூட்டிவிட்டுப் போகும் அவரைப்பற்றி எந்தப் பங்கு மலரும் ஒரு பக்கம் எழுதியதாக நமக்கு நினைவில்லை. குறிப்பேட்டின் ஆசிரியர் இரண்டு அதிகாரங்கள் எழுதியிருக்கிறார்.

காவல் முறையையும் அவர் கணக்காகத் தருகிறார். கோவிலின் நான்கு திசைகளுக்கும் சீட்டுப் போட்டே ஆள் அமர்த்தினர். சிறியோர் பெரியோர் என்ற வேறுபாடு அதில் இல்லை. கிழக்கில் நாளொன்றுக்கு 6 பேர், வடக்கில் 4, தெற்கில் 4, பண்டக அறைகளுக்கு இரண்டிரண்டாக 4, மேற்கே சாலையில் 4, முற்றத்தில் 2. ஆக 24 பேர். 9-ஆம் அதிகாரம் மொத்தம் 212 வாயில்காப்போர் என்கிறது. தாவீதின் காலத்தைப் பேசும் 23-ஆம் அதிகாரத்தில் 4,000 என்று வருவது, பொற்காலத்தைப் பெருக்கிக் காட்டும் வழக்கத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

இக்கணக்குகளுக்கிடையே நம்மை நிறுத்துவது ஒரு சிறு செய்தி. இவ்வாயில்காப்போரின் உறவினர் தத்தம் சிற்றூர்களில் வாழ்ந்தனர். ஏழு நாளுக்கு ஒருமுறை முறைவைத்துக் கோவிலுக்கு வந்து, தலைவர்களோடு பணி செய்து திரும்பினர். எருசலேமின் வாயிலைக் காத்தவர்களுள் பலர் உழவும் ஆடுமாடும் உடைய நாட்டுப்புறத்தார் என்பது இதனால் புலப்படுகிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. நாற்று நட்ட கையோடு திருவிழா வேலைக்கு வருவோரை நாம் அறிவோம். வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்தில், 1877-ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து வந்த சுரூபத்தைத் தரிசிக்க உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த நாள்களில் கூட்டம் பெருகும்போது, அக்கூட்டத்தை ஒழுங்குபடுத்தி நிற்போரும் சுற்றியுள்ள ஊர்களின் மக்களே. அங்கு வருவோரில் கிறிஸ்தவரல்லாதார் எத்தனையோ பேர். வாயிலில் அவர்களை யாரும் சமயம் கேட்பதில்லை.

எருசலேமில் கேட்டார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குருவான யோயாதா, எவ்வகையிலும் தீட்டுப்பட்டவர் நுழையாதபடி வாயில்காப்போரை நிறுத்தினார் என்று இரண்டாம் குறிப்பேடு 23-ஆம் அதிகாரம் கூறுகிறது. இதே நிகழ்ச்சியை அரசர்கள் நூலும் சொல்கிறது. அங்கே அரசி அத்தலியாவை வீழ்த்தத் துணை நின்றவர்கள் அரண்மனைக் காவற்படையினர்; அவர்களுள் காரியர் என்னும் கூலிப்படையினரும் இருந்தனர். குறிப்பேட்டின் ஆசிரியர் அவர்களை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் லேவியரையும் வாயில்காப்போரையும் நிறுத்துகிறார். பிற இனத்தார் கோவிலுக்குள் கால் வைத்தனர் என்று எழுத அவர் மனம் ஒப்பவில்லை. பிற்காலத்தில் ஏரோது கட்டிய கோவிலில், வேற்றினத்தார் இத்தடுப்பைக் கடந்தால் உயிரிழப்பர் என்று கிரேக்கத்தில் எச்சரித்த கல்வெட்டு ஒன்று 1871-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எபேசு நகரத்தானைக் கோவிலுக்குள் கூட்டி வந்தார் என்ற ஐயத்தால் பவுலை வெளியே இழுத்துப்போட்டு, உடனே கதவுகளை அடைத்தனர் எனத் திருத்தூதர் பணிகள் கூறுவதும் இந்தத் தடுப்பைப்பற்றியே.

ஆயினும், இவ்வளவு கண்டிப்பான ஆசிரியரின் பட்டியலிலேயே ஓபேது ஏதோம் என்னும் பெயர் நிற்கிறது. சாமுவேல் நூலில் இம்மனிதன் கித்தியன். அதாவது பெலிஸ்தியரின் காத்து நகரத்தான் என்றே பலரும் பொருள் கொள்வர். உடன்படிக்கைப் பேழையைத் தொட்ட ஊசா மடிந்ததும் தாவீது அஞ்சி, பேழையை இவன் வீட்டில் விட்டுச் சென்றார். மூன்று மாதம் பேழை அங்கிருந்தது. அவ்வீடு ஆசி பெற்றது. குறிப்பேட்டுக்கு வரும்போது ஓபேது ஏதோம் லேவியருடன் யாழ் மீட்டுகிறான், பேழைக்கு வாயில் காக்கிறான்; அவன் வழியினர் 62 பேர் தெற்கு வாயிலின் காவலர் குடும்பமாகிவிடுகின்றனர். வேற்றினத்துக் காவலரைக் கதையிலிருந்து அகற்றிய அதே எழுதுகோல், வேற்றூரான் ஒருவனை வாயிலிலேயே குடியேற்றிவிட்டது. ஆசிரியர் இதை அறிந்து செய்தாரா என்று நாம் வாதிடப் போவதில்லை. ஏட்டில் அது இருக்கிறது.

இதனினும் வியப்பானது மற்றொரு குடும்பத்தின் கதை. வாயில்காப்போருள் முதன்மையான சல்லூம், கோராகின் வழிவந்தவன். கோராகு யார்? ஆரோனுக்குரிய குருத்துவத்தில் தனக்கும் பங்கு வேண்டுமென்று மோசேக்கு எதிராக எழுந்து, நிலம் வாய்பிளக்க மாண்டவன். அவன் புதல்வர் சாகவில்லை என்று எண்ணிக்கை நூல் பிற்பகுதியில் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறது. உட்புகத் துடித்து அழிந்தவனின் பிள்ளைகள் பல தலைமுறைக்குப் பின் வாயிலில் நிற்கின்றனர். 84-ஆம் திருப்பாடலின் தலைப்பு அதனைக் கோராகின் புதல்வருக்கு உரியதாகக் குறிக்கிறது.

இப்பாடலின் 10-ஆம் வசனத்தில்தான் நாம் சொல்ல வந்த சொல் உள்ளது. தீயோரின் கூடாரங்களில் வாழ்வதைவிடக் கடவுளின் இல்லத்து வாயிலில் இருப்பதை மேலெனக் கருதுகிறார் பாடகர். வாயில்காப்போனுக்குரிய வழக்கமான எபிரேயச் சொல்லை அவர் ஆளவில்லை. 'வாயிற்படி' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினையொன்றை ஆள்கிறார். அவ்வினை எபிரேய விவிலியத்தில் வேறெங்கும் வருவதில்லை. படியில் நிற்றல் என்றோ, படியில் கிடத்தல் என்றோ அதற்குப் பொருள் சொல்லலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும், நம் முன்னோர் வழிபாட்டில் கேட்ட இலத்தீன் மொழிபெயர்ப்பும் அதைத் தள்ளுண்டு கிடத்தல் என்றே கொண்டன. 1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பு காவலன் என்னும் பொருளைத் தேர்ந்துகொண்டது. சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் விவிலியமோ வாசற்படியில் காத்திருப்பவனாகப் பாடகரைக் காட்டுகிறது.

காவலன் என்று கொண்டால் பாடல் ஒரு பதவியைப் பற்றியதாகிறது, தாழ்ந்ததாயினும் பதவிதான். அரசர்கள் நூலில் வாயிற்படி காப்போர் எளிய பணியாளராகத் தோன்றவில்லை. மக்களின் காணிக்கைப் பணம் அவர்கள் கையில் சேர்ந்தது. எருசலேம் வீழ்ந்தபோது தலைமைக் குருவோடு பாபிலோனியர் பிடித்துச் சென்று ரிப்லாவில் கொன்றவர்களுள் அவர்கள் மூவர். படியில் கிடப்பவன் என்று கொண்டாலோ, அழகுவாயிலருகே நாள்தோறும் கொண்டுவந்து வைக்கப்பட்ட முடவனின் இடத்தில் பாடகர் தம்மை வைத்துக்கொள்கிறார். இரண்டாம் பொருளே பாடலின் ஏக்கத்துக்கு இசைவானது என்று நமக்குத் தோன்றுகிறது. குருவிக்கும் சிட்டுக்கும் கிடைத்த இடத்தைக் கண்டு ஏங்குபவர், பதவிக்கு விண்ணப்பம் எழுதுபவர் அல்லர்.

தமிழ் மரபும் இவ்வாசிப்புக்குத் துணை வருகிறது. நம் பழைய இலக்கியத்தில் வாயிலோன் என்பவன் விளித்துப் பேசப்படுபவன். புறநானூற்றில் ஔவையார் அதியமானின் வாயிற்காவலனை நோக்கிச் சினந்து பாடுகிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனின் வாயிலோனிடம் முறையிட்டு நிற்கிறாள். இருவரும் வாயிலுக்கு வெளியே நிற்பவர்கள்; தாமே வாயிலோன் ஆக வேண்டுமென்று இருவரும் கேட்டதில்லை. ஆனால் குலசேகர ஆழ்வார், அரசராய் இருந்தும், திருவேங்கடத்தான் சந்நிதியில் அடியாரும் தேவரும் ஏறி இறங்கும் ஒரு படியாய்க் கிடக்க வேண்டினார். அதனாலேயே வைணவக் கோவில்களில் கருவறை முன்னுள்ள படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். கோராகின் புதல்வர் ஆண்ட அந்த அரிய வினைக்கு இதனைவிட நெருங்கிய உரையை நாம் கண்டதில்லை.

படியில் கிடத்தல் தானே விரும்பிய போதுதான் பக்தி. பிறர் ஒருவனைப் படியிலேயே கிடத்தினால் அதற்குப் பெயர் வேறு. நந்தனாரின் கதை அதைச் சொல்கிறது; நம் வரலாறும் சொல்கிறது. புதுச்சேரிக் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவரைப் பிரித்து வைக்கச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருந்ததையும், காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைக் கண்ணுற்றபின் அம்மக்கள் திரண்டு சென்று முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அவர் கிறிஸ்தவரல்லர், அதனாலேயே அவர் சாட்சி கூடுதல் கவனத்துக்குரியது. ஓபேது ஏதோமை வாயிலில் ஏற்ற ஏட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் கட்டிய சுவர் அது.

நம் திருச்சபையிலும் வாயில்காப்போர் என்ற பட்டம் ஒன்று இருந்தது. குருத்துவத்தை நோக்கிச் செல்வோர் பெறும் சிறு பட்டங்களுள் அது முதலாவது. ஆயர் கோவில் திறவுகோல்களைத் தொடச் செய்வார். பட்டம் பெறுபவர் கதவைத் திறந்து மூடி, மணியை ஒலிக்கச் செய்வார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் சிறு பட்டங்களைச் சீரமைத்தபோது அது நின்றுபோனது. கதவு திறக்கும் வேலை மட்டும் கோயில்பிள்ளையிடம், பட்டமின்றி, தொடர்கிறது.

பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் எஸ்ரா நூல் லேவியரை 74 என்றும், பாடகரை 128 என்றும், வாயில்காப்போரை 139 என்றும் தனித்தனியே எண்ணுகிறது. அன்று எருசலேமில் கோவில் இல்லை, கதவும் இல்லை. காப்பதற்கு வாயில் ஏதுமில்லாத ஊருக்கு அந்த 139 பேரும் நடந்து வந்தனர்.