அட்டைப்படமும் அகத்தூண்டுதலும்

வெள்ளவத்தையிலே, கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நிகழும் நூல் வெளியீடுகளுக்குச் செல்வோர் ஒரு வழக்கத்தை அறிவர். ஆசிரியரும் பதிப்பாளரும் முதற்பிரதி பெறும் வணிகப் பெருமகனும் மேடையில் இருப்பர். அட்டையை வடிவமைத்தவர் நன்றியுரையின் கடைசி வரியில் வருவார். அங்கும் அவரது 'கற்பனை வளம்' போற்றப்படுமேயன்றி உழைப்புக் குறிப்பிடப்படுவதில்லை. கற்பனை எங்கிருந்தோ வந்திறங்குவது என்னும் கருத்துமுதல்வாத நோக்கே இதன் அடிப்படை. வானிலிருந்து இறங்கியதற்குக் கூலி கேட்பது அநாகரிகமல்லவா?

அகத்தூண்டுதல் பற்றிய இப்பேச்சை வெறும் பிதற்றலென ஒதுக்கி, கைத்தொழில் தேர்ச்சியையே வலியுறுத்தியவர் வில்லியம் மொறிஸ். அவரது கெல்ம்ஸ்கொற் அச்சகத்தில் இயங்கிய கையச்சுப் பொறியிலேயே, கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை'யை 1908இல் அச்சிட்டு முடித்தார், பிரதிகள் 425. கைவினைஞனைத் தனித்த மேதையாகக் காணாது, மரபின்வழித் தொழிற்படுபவனாகக் கண்டமை அந்நூலின் சிறப்பு. ஆயினும், கண்டிக் கைவினைஞர் நிலத்துக்கு ஈடாகச் சேவை செய்யக் கட்டுண்டிருந்ததை விவரித்த அவரே, அக்கட்டினை ஓர் இசைவான ஒழுங்காகக் கண்டு நயந்தார். மொறிஸின் பொறி அவர் கைக்கு வந்தது; மொறிஸின் சோஷலிசம் வரவில்லை.

இப்பின்னணியில் 'மல்லிகை'யின் அட்டைகள் மனங்கொளத்தக்கன. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அச்சஞ்சிகை, போர்க்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு இடம்பெயர்ந்து, கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து நெடுங்காலம் வெளிவந்தது. எழுத்தாளர், கலைஞர் ஒருவரது முகமும் சஞ்சிகையின் பெயரும்: பெரும்பாலும் அவ்வளவே அட்டை. ஓவியக் கண்ணுடையோர்க்கு இது சலிப்பூட்டலாம், எனக்கும் சலித்ததுண்டு. ஆனால் அதன் தோற்றுவாயை நோக்குதல் வேண்டும். எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் புளொக், தனித்தனி அச்சோட்டம். ஒரு முகத்துக்கு ஒரு புளொக் போதும். சிற்றேட்டின் வறுமை அட்டையின் இலக்கணமாயிற்று.

வறுமை மட்டும் அதனை விளக்கிவிடாது. சிக்கனம் ஒரு முகத்தைக் கோரியது. எவர் முகம் என்பதைத் தீர்மானித்தது சமூக நோக்கு. தமிழகத்து வணிக ஏடுகள் நடிகையரையும் வண்ண ஓவியப் பெண்களையும் ஏந்திவந்து இங்கு விலைபோன காலம் அது. அவற்றின் நடுவே கடையில் தொங்க, நம் நாட்டு எழுத்தாளன் முகத்துக்குத் தகுதியுண்டு எனத் துணிந்தவர், சாதியொடுக்குமுறையின் வடுவைச் சுமந்த, சவரத் தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்த ஒருவர். நாளெல்லாம் பிறர் முகங்களைச் செப்பனிட்ட கைகள் முகத்தின் மதிப்பை அறிந்திருந்தன என்பது மிகையாகாது. படைப்பூக்கம் பிறந்த இடம் இதுவே: கையிலிருந்த கருவி, கையிலில்லாத பணம், யாருக்காக என்ற தெளிவு.

இன்று நிறத்துக்குப் புளொக் வேண்டியதில்லை. கணினித் திரையில் ஆயிரம் படங்கள் ஆயத்தமாக உள்ளன. ஆனால் போர்க்கால நாவலென்றால் முட்கம்பி, யாழ்ப்பாணக் கவிதையென்றால் ஒற்றைப்பனை என அட்டைகள் ஒன்றையொன்று பிரதிசெய்கின்றன. இதனை வடிவமைப்பாளரின் கற்பனை வறட்சியென மதிப்புரைகாரர் எழுதுகின்றனர். நூலின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் அவருக்குத் தரப்படுகின்றன. மறுநாள் அட்டை வேண்டப்படுகிறது. கையெழுத்துப்படியை வாசிக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி வழங்கும் பதிப்பாளரைக் காண்பது அரிது.