வாலையை மாற்றினால் போதுமா?

கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குச் செல்லும் சாலையில் வசிப்பவர்களுக்கு 'ஊறல்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காட்டுக்குள் ஊறலைக் கொட்டி அழித்தார்கள் என்ற செய்தி இப்பகுதிக்குப் புதியதல்ல. அண்மைக் காலத்தில் இதைச் சுற்றி வேறொரு பேச்சு எழுந்திருக்கிறது. "காட்டில் பழைய தகரத்தில் காய்ச்சுவதால்தான் சாராயம் நஞ்சாகிறது. நல்ல செம்புக் கலன், வெப்பமானி, கரி வடிகட்டி எல்லாம் வைத்து வீட்டிலேயே வடித்தால் ஒரு கெடுதலும் வராது" என்பதே அந்தப் பேச்சு. படித்த இளைஞர்களும் இதைச் சொல்கிறார்கள். இதில் அறிவியல் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று பார்ப்போம்.

இந்தப் பேச்சு பிறந்த இடம் நம் ஊர் அன்று. நியூசிலாந்து நாடு 1996-இல், தம் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் சாராயம் வடிப்பதை அனுமதித்தது. அங்கே இதற்கான கருவிகள் கடையில் விற்கின்றன. முதலில் சிறு கலன் வாங்கு, பிறகு தூண் பொருத்து, அதன்பின் செம்புக்கு மாறு என்று படிப்படியாக அறிவுரை சொல்லும் நூல்களும் படங்களும் ஏராளம். அவ்வறிவுரைகளில் சில பகுதிகள் சரியானவை. ஆனால் அவை தீர்க்க முயலும் கேள்வி வேறு, நம் ஊரில் உயிரைக் கொல்லும் கேள்வி வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததுதான் குறை.

முதலில் கருவியைப் பார்ப்போம். காய்ச்சி வடிக்கும் கருவிக்குத் தமிழில் வாலை என்று பெயர். சித்த மருத்துவர்கள் வாலையில்தான் தீநீர் இறக்கினார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓமத்தீநீர் அவ்வகையில் வடித்ததே. பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் கண்ட குடுவையும் லீபிக் குளிர்விப்பானும் அதே வாலையின் கண்ணாடி வடிவம். கொதிகலன், ஆவி செல்லும் வழி, ஆவியைக் குளிரச் செய்யும் பகுதி, வடிநீரைப் பிடிக்கும் கலம் ஆகிய நான்கும் எல்லா வாலையிலும் உண்டு.

காட்டு வாலையில் அடுப்பின்மேல் ஒரு பானை, அதன்மேல் இன்னொரு பானை, உச்சியில் குளிர்ந்த நீர் நிறைந்த சட்டி. சட்டியின் அடிப்புறத்தில் ஆவி பட்டுத் துளியாகிச் சொட்டும். உள்ளே வைத்த மரக்கரண்டி போன்ற ஏந்தி அதை ஒரு குழாய் வழியாக வெளியே கொண்டுவரும். எளிமையான அமைப்பு, பார்க்கப் போனால் கெட்டிக்காரத்தனமான அமைப்பும்கூட. இதன் பெருங்குறை தண்ணீர்ச் செலவு. பாதிக்குப் பாதி நீரும் சாராயமும் கலந்த ஆவியில் ஒரு லிட்டர் வடிநீரைப் பெற வேண்டுமானால் ஏறக்குறைய 1400 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை அகற்ற வேண்டும். குளிர்விக்கும் நீர் 30 டிகிரி சூடேறலாம் என்று கொண்டால், பன்னிரண்டு லிட்டர் நீர் தேவைப்படும். வாலைகள் எப்போதும் ஓடையோரம் காணப்படுவதற்குக் காரணம் ஒளிந்துகொள்ளும் வசதி மட்டுமன்று, இந்தக் கணக்கும்தான். மூல வைகை கோடையில் வறண்டுவிடும். அப்போது சட்டியில் இருக்கும் நீர் மாற்றப்படாமல் கொதிக்கத் தொடங்கும். ஆவி குளிராமல் அடுப்புத் தீயை நோக்கி வெளியேறும். தூய எத்தில் சாராயத்தின் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. பாதி நீர் கலந்தாலும் நம் ஊர்ப் பகல் வெப்பத்தில் அது தீப்பற்றும். விறகடுப்பின் பக்கத்திலேயே வடிநீரைப் பிடிப்பது எவ்வளவு அபாயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குளிர்விப்பான் விஷயத்தில் அறிவுரைக்காரர்கள் சொல்வது சரி: மேம்படுத்த வேண்டிய முதல் உறுப்பு அதுதான்.

உலோகம் பற்றிய அறிவுரையிலும் பாதி உண்மை உண்டு. நொதித்த ஊறலில் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். செம்பு அவற்றைப் பிடித்துக்கொள்வதால் துர்நாற்றம் குறைகிறது. ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிக்கும் கலன்கள் செம்பினால் ஆனவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் செம்புத் தகடுகளை எதனால் ஒட்டினார்கள் என்பதே முக்கியமான கேள்வி. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அதனால் தீங்கில்லை. குழாய்களைப் பற்றவைக்கும் பழைய ஈயத்தில் காரீயம் கலந்திருக்கும். வடிநீரில் உள்ள அசெட்டிக் அமிலம் காரீயத்தைக் கரைத்துக் கொண்டுவரும். அமெரிக்காவில் பழைய மோட்டார் வண்டி ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக வைத்துக் கள்ளத்தனமாக வடித்தவர்களின் சாராயத்தைக் குடித்தவர்களிடம் காரீய நஞ்சேற்றம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. "செம்பு வாலை வாங்கினேன்" என்று ஒருவர் பெருமைப்பட்டால், ஒட்டு எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அடுத்தது தூண் பொருத்துவது. பத்து சதவீதம் சாராயம் உள்ள ஊறல் ஏறக்குறைய 92 டிகிரியில் கொதிக்கும். எழும் ஆவியில் சாராயம் ஏறக்குறைய பாதி. அதைக் குளிரவைத்து மீண்டும் காய்ச்சினால் செறிவு கூடும். உள்ளே கண்ணாடி மணிகளோ செம்புச் சுருளோ நிரப்பிய உயரமான தூணில், ஆவி மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, கீழே வடிந்து, மறுபடி ஆவியாகிறது. பல முறை காய்ச்சிய பலன் ஒரே முறையில் கிடைக்கிறது. பாடநூலில் பின்னக் காய்ச்சி வடித்தல் என்று படித்தது இதுவே. எவ்வளவு உயரமான தூண் வைத்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் செல்ல முடியாது. அங்கே நீரும் சாராயமும் கொதிநிலை மாறாக் கலவையாகிவிடுகின்றன. தூணினால் செறிவு கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் செறிவு கூடுவது என்றால் தீ அபாயமும் கூடுவது என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இப்போது நம் விவாதத்தின் மையத்துக்கு வருவோம். வெப்பமானி வைத்தால் நஞ்சைப் பிரித்துவிடலாம் என்பதே இந்தப் பேச்சின் உயிர்நாடி. மெத்தில் சாராயம் 64.7 டிகிரியில் கொதிக்கும். எத்தில் சாராயம் 78.4 டிகிரியில் கொதிக்கும். ஆகையால் 78 டிகிரி வரும்வரை வடிவதைக் கொட்டிவிட்டால் மீதி தூய்மை என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கொதிக்கும் ஊறல், கண்டமனூர்க்காரர் கண்டமனூரிலும் கடமலைக்குண்டுக்காரர் கடமலைக்குண்டிலும் தனித்தனியே இறங்கிவிடும் பேருந்து அன்று. கலவைக்கு ஒரே கொதிநிலைதான் உண்டு. அந்த வெப்பநிலையில் நீர், எத்தில், மெத்தில் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஆவியாகின்றன. எளிய வாலையில் முதலில் வடியும் பகுதியில் மட்டும் மெத்தில் அடைந்துகிடப்பதில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை விரவியே வருகிறது. முதற்பகுதியைக் கொட்டுவதால் அசெட்டால்டிஹைடு போன்ற சில காட்டமான பொருள்கள் குறையும், மணம் தேறும். அதைக் கண்டவர் நஞ்சும் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறார். வெப்பமானி ஆவியின் சூட்டைத்தான் காட்டும். அதில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது.

கரி வடிகட்டியின் கதையும் இதுவே. நாற்றம் தரும் பெரிய மூலக்கூறுகளைக் கரி ஈர்த்துக்கொள்ளும். சிறிய மெத்தில் மூலக்கூறை அது நம்பத்தக்க அளவில் பிடிப்பதில்லை. கொளுத்திப் பார்த்து "நீலமாக எரிகிறது, நல்ல சரக்கு" என்று சொல்லும் பழைய சோதனையும் உண்டு. மெத்திலும் நீலமாகத்தான் எரியும். அச்சோதனையால் தெரியவருவது ஒன்றே: இதில் தீப்பற்றும் அளவுக்குச் சாராயம் இருக்கிறது.

அப்படியானால் வீட்டில் வடிக்கும் சாராயமெல்லாம் மெத்தில் நஞ்சா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. இங்கேதான் இரு தரப்பும் தவறுகின்றன. வெல்லத்தையோ சர்க்கரையையோ நொதிக்கவிட்டால் மெத்தில் மிகச் சொற்பமாகவே உண்டாகும். பழங்களின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் சிதையும்போதுதான் அது கூடுதலாகப் பிறக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கொண்டு பிராந்தி வடித்தால் என்ன என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைப் பாருங்கள்: திராட்சை மதுவிலிருந்து வடித்த பிராந்தியில், 100 லிட்டர் தூய சாராயத்துக்கு 200 கிராம் மெத்தில் வரை அனுமதி, பிழிந்த சக்கையிலிருந்து வடித்ததற்கு 1000 கிராம் வரை. ஒரே பழம், ஒரே வகைக் கருவி. தோல் சேர்ந்ததால் ஐந்து மடங்கு. மெத்திலின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாலை அன்று, வாலைக்குள் என்ன போட்டார்கள் என்பதே.

வடித்த பிறகு வெளியிலிருந்து என்ன கலந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். அது எந்தப் பானையிலும் ஊறலாகப் பிறந்ததன்று. தொழிற்சாலைகளுக்குக் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் செல்லும் சரக்கு. மலிவு என்பதால் சாராயம் என்ற பெயரில் அல்லது சாராயத்தோடு கலந்து விற்கப்பட்டது. இத்தகைய சாவுகளைக் காட்டி "நல்ல வாலை வாங்கு" என்று சொல்வது, கிணற்றில் விழுந்தவனுக்குக் குடை கொடுப்பது போன்றது. "காட்டில் காய்ச்சியது கலப்படமில்லாதது" என்று வாங்கிக் குடிப்பவரும் ஏமாறுகிறார். அவர் கையில் இருக்கும் பொட்டலம் எந்த வாலையில் இறங்கியது, அல்லது வாலையையே காணாததா என்று அவரால் அறிய முடியாது.

நாவும் மூக்கும் இங்கே உதவுவதில்லை. மெத்தனால் குடித்தவருக்கு உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. கல்லீரலில் அது பார்மால்டிஹைடாகி, பிறகு பார்மிக் அமிலமாக மாறுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலமே. பன்னிரண்டு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்முன் பனிபடர்ந்தாற்போன்ற மங்கல் ஆகியவை தோன்றும். கூடவே எத்தில் சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஏனெனில் கல்லீரல் எத்திலைத்தான் முதலில் கவனிக்கும். இந்த முந்துரிமையைப் பயன்படுத்தித்தான் மருத்துவமனைகளில் அளவறிந்து எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுக்கிறார்கள். போமெபிசோல் என்ற மருந்தும் உண்டு, இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. இதை வீட்டில் செய்து பார்க்க முடியாது. நேற்று குடித்த ஒருவர் இன்று கண் மங்குகிறது என்றால், "போதை தெளியட்டும், தூங்கட்டும்" என்று விட்டுவிடாமல் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வருசநாட்டு மலைக் கிராமங்களிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பது அவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நியூசிலாந்து அறிவுரையை இங்கே ஒப்பிப்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் உரிமமின்றிச் சாராயம் வடிப்பது மட்டுமன்று, வடிப்பதற்கான கருவியை வைத்திருப்பதும் குற்றம். சொந்தக் குடிக்கு என்று சொல்வது விதிவிலக்காகாது. கள்ளக்குறிச்சி நிகழ்ச்சிக்குப் பின் 2024-இல் செய்த திருத்தத்தின்படி, கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம்.

வாலையின்மீது ஆர்வம் கொண்ட மாணவர்களுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளரும் எலுமிச்சைப்புல்லை நீராவியில் வடித்துத் தைலம் எடுப்பது பழைய தொழில். கேரளத்தில் ஓடக்காலி என்ற ஊரில் 1951 முதல் இதற்கென ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதும் மேம்படுத்துவதும் இத்தொழிலில் உண்மையாகவே பலன் தரும். புல்லையும் நீரையும் ஒன்றாகப் போட்டு நேரே தீ மூட்டினால் அடிப்புல் கருகித் தைலம் தீய்ந்து நாறும். நடுவில் ஒரு சல்லடைத் தட்டு வைத்தால் அந்தக் குறை தீரும். நீராவியைத் தனிக் கொதிகலனிலிருந்து செலுத்தினால் இன்னும் நல்லது. இரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வைத்தால் தைலத்தின் நிறம் கெடாது. வடிநீரில் தைலம் தானே மேலே மிதப்பதால், பிரிப்பதற்கு ஒரு கழுத்துக் குறுகிய கலமே போதும். 100 கிலோ பசும்புல்லுக்கு அரைக் கிலோ தைலம் கிடைத்தால் நல்ல விளைச்சல். அதில் முக்கால் பங்கு சிட்ரால்.