பிறப்பையும் பகடை கேட்குமா?
சாதி அடுக்கு உள்ள கற்பனை உலகங்களில் ரோல்பிளேயிங் கேம்: ரசிப்பது எப்படி?

1974-ல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெரிய ஆள் ஆகலாம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். அரக்கனைக் கொன்றால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல். அப்பன் பெயர் என்ன, எந்தத் தெரு என்று விதிப்புத்தகம் கேட்காது. இதே மாதிரி விதிகளைப் பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் ஓர் உலகத்துக்குக் கொண்டுபோனால்? அந்த முயற்சி ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. அதில் நல்லது எது, ஒப்பேற்றியது எது என்று கண்டுகொள்ள மூன்று கேள்விகள் போதும்.

நம்மை எங்கே உட்கார வைக்கிறார்கள்?

1975-ல் எம்.ஏ.ஆர். பார்க்கர் எழுதிய ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ நடப்பது டெக்குமெல் என்ற உலகத்தில். குலமும் அந்தஸ்தும்தான் அங்கே எல்லாம். ஆனால் ஆடுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்ல. சிறு படகில் ஜகல்லா துறைமுகத்தில் வந்து இறங்கும் அந்நியர்கள். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாது. பெரிய மனிதரிடம் வாய் தவறினால் கழுமரம். பாத்திரத்துக்குத் தெரியாதது ஆடுகிறவருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்தே அடிபட்டுக் கற்கிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தொடக்கம் அபூர்வம்.

‘லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்’ (1997) இதற்கு நேர் எதிர். பழைய ஜப்பானை ஒட்டிப் புனைந்த ரோக்குகான் நாட்டில் நீங்கள் பிறப்பாலேயே சாமுராய். உங்களுக்குக் கீழே உழவரும் கைவினைஞரும் வணிகரும். அவர்களுக்கும் கீழே, பிணத்தையும் தோலையும் தொடுவதால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ஹினின். எல்லாமே மேலிருந்து பார்க்கும் பார்வை. அதற்காக அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்ற நினைப்போடு படித்தால் போதும்.

அடுக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. கீழ்க்குலத்தில் பிறந்தவனுக்கு ‘அறிவில் இரண்டு குறை’ என்று எழுதிவிடுவது சோம்பேறி வழி. அப்படி எழுதினால் சாதிக்காரன் சொல்லும் பொய்யை விதிப்புத்தகமே உண்மையாக்கிவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே 2016-ல் வந்த ஒரு துணைநூல் ஓர்க் என்ற கற்பனை இனத்துக்கு இப்படி அறிவைக் குறைத்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் நீக்கினார்கள். இழிவு பிறந்தவன் உடம்பில் இல்லை, எதிரே நிற்பவன் நடத்தையில் இருக்கிறது. விதியும் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

ஃபைவ் ரிங்ஸ் இதை ஓரளவு பிடித்திருக்கிறது. அதில் மானம், புகழ், அந்தஸ்து மூன்றுக்கும் தனித்தனி எண். மானங்கெட்டவன் உயர்ந்த பதவியில் இருந்துகொண்டு உங்களை ஏவலாம். திறமை எவ்வளவு கூடினாலும் அந்தஸ்து தானாக ஏறாது.

2018 பதிப்பில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சபையில் ஒரு தூதர் செத்துப்போன உங்கள் தகப்பனாரை இழிவாகப் பேசுகிறார். நீங்கள் முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டும். பகடை உருட்டுகிறீர்கள். விழுந்த முகத்தில் வெற்றிக் குறி இருக்கிறது. கூடவே மனக்கொதிப்பின் குறியும் இருக்கிறது. அந்தப் பகடையை வைத்துக்கொண்டால் பதில் கச்சிதமாக வரும், கொதிப்பும் ஏறும். கழித்துவிட்டால் மனம் அமைதி, பேச்சு சொதப்பல். கொதிப்பு அளவு மீறினால், அதன் பிறகு கொதிப்புக் குறி உள்ள பகடைகளை வைத்துக்கொள்ள முடியாது. சபை நடுவே வெடித்தால் பாரம் இறங்கும், பெயர் கெடும். அடுக்குச் சமூகம் மேலே இருப்பவனையும் எப்படி இறுக்குகிறது என்பதை ஒரே உருட்டலில் கை உணர்ந்துவிடும்.

லெவல் ஏறினால் என்ன ஆகும்?

2022-ல் ரோக்குகானை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு மாற்றி ‘அட்வென்ச்சர்ஸ் இன் ரோக்குகான்’ வந்தது. ஏழு வகைப் பாத்திரங்களில் சபைப் பேச்சில் தேர்ந்தவரும் ஒருவர். அது நல்ல சேர்க்கை. ஆனால் ஐந்தாம் பதிப்பின் அச்சாணி லெவல். பத்தாம் லெவல் வீரன் பிரபுவின் காவலர்களைத் தனியாளாகச் சாய்த்துவிடுவான். பிறகு அவன் ஏன் தலை குனிய வேண்டும்?

இந்த முடிச்சை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்தான் அவிழ்க்க வேண்டும். ‘உள்ளே போக முடியுமா’ என்பதற்குப் பகடை வேண்டாம். ‘போனால் என்ன விலை’ என்பதற்கு வைக்கலாம். ஹினின் ஒருவன் மண்டபத்துக்குள் நுழைந்தே தீருவான். அவனை உள்ளே விட்ட வாயிற்காவலனுக்கும் ஊரில் இருக்கும் அவன் தங்கைக்கும் என்ன நேரும் என்பதே அடுத்த காட்சி. வாளால் தீராத சிக்கல் இருக்கும்வரை லெவல் எவ்வளவு ஏறினாலும் ஆட்டம் சப்பென்று போகாது.

ஆடும் முன்

கற்பனை என்றாலும் அடியில் நிஜம் இருக்கிறது. ஹினின் போன்றோரை ஒதுக்குவதை ஜப்பான் சட்டப்படி ஒழித்தது 1871-ல். அந்தச் சமூகங்களில் பிறந்தவர்கள் இன்றும் பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள். டெக்குமெல்லைப் படைத்த பார்க்கர், புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்று எழுதியவர் என்பதை அவர் படைப்புகளைப் பராமரிக்கும் அமைப்பே 2022-ல் ஒப்புக்கொண்டது. இதையும் தெரிந்துகொண்டே அந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

நம் ஊர் மேஜையில் இன்னும் கவனம் தேவை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு இது கதை அல்ல, வாழ்ந்த அனுபவம். எது வரலாம், எது வரவே கூடாது என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். இடையில் யார் ‘போதும்’ என்றாலும் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள். அதன்பின், ஒரே கதையை ஒரு வாரம் சாமுராயாகவும் மறுவாரம் அவர் சேணத்துக்குத் தோல் பதனிட்டவராகவும் ஆடிப் பாருங்கள். தோல் பதனிட்டவர் எடுக்கும் முடிவால் கதை திரும்புகிறது என்றால் விதிகள் நன்றாக அமைந்திருக்கின்றன. அவர் வெறுமனே வேடிக்கை பார்க்க நேர்ந்தால், திருத்த வேண்டியது விதிகளை.