கொத்தார்ட் படங்களில் இல்லாதவர்கள்

2015 இலையுதிர் காலத்தில், குசினி வேலையில் கிடைத்த இரண்டு நாள் லீவில், நாம் மூவர் கொத்தார்ட் மலைப்பாதைக்குக் கமராவுடன் போனோம். சரக்குக் கோச்சிகளைப் படமெடுப்பதே நோக்கம். அடுத்த ஆண்டு 57 கிலோமீற்றர் நீளமான அடிச்சுரங்கம் திறக்கப்படவிருந்தது. அதன்பின் பெரும்பாலான சரக்கு வண்டிகளுக்கு மலை ஏறும் வேலை இருக்காது. அதனால் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு மேட்டிலும் எம்மைப் போன்றவர்கள் முக்காலியுடன் நின்றார்கள்.

எர்ஸ்ட்பெல்ட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீற்றர் உயரத்திலும், கோஷனன் 1100 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இந்த ஏற்றத்தைச் சமாளிக்கப் பாதை மலைக்குள் புகுந்து சுற்றிச்சுற்றி ஏறுகிறது. வாஸன் கிராமத்துத் தேவாலயம் பயணிக்கு மூன்று தடவை தெரிவது இதனாலேயே: முதலில் தலைக்கு மேலே, பிறகு நேரே, கடைசியில் காலுக்குக் கீழே. அங்கே நின்றால் வண்டி வருமுன் அதன் இரைச்சல் பாறையில் மோதி வரும். சிவப்பு இயந்திரங்கள், பின்னால் கொள்கலன்கள், பின்னும் கொள்கலன்கள். அந்தக் காட்சி எம்மை மயக்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை.

வீடு திரும்பிப் படங்களைப் பரப்பி வைத்தபோதுதான் கேள்வி வந்தது. இத்தகைய படத்துக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. இயந்திரத்தின் முகத்தில் வெயில் விழவேண்டும். வளைவில் முழு வண்டியும் தெரியவேண்டும். குறுக்கே கம்பமோ மனிதரோ வரக்கூடாது. நாமும் இந்த இலக்கணத்துக்கே கட்டுப்பட்டோம். விளைவாக எமது படங்களில் மலையும் இயந்திரமும் மட்டுமே உள்ளன. பாதை தானாக முளைத்தது போலவும், வண்டி தானாக ஓடுவது போலவும் இருக்கிறது. இது ரசனை சார்ந்த குறை மட்டுமல்ல.

1872 இல் தொடங்கி 1882 இல் திறக்கப்பட்ட 15 கிலோமீற்றர் சுரங்கத்தைக் குடைந்தவர்களில் பெரும்பான்மையோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வெடிப்புகையும் வெக்கையும் நிறைந்த இருட்டில் வேலை செய்தார்கள். கொக்கிப்புழு நோய் அவர்களைத் தின்றது. 1875 யூலையில் கோஷனனில் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். சுரங்க வேலையில் இறந்தோர் தொகை 170 க்கும் மேல். ஒப்பந்தக்காரரான லூயி பாவ்ரும் 1879 இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தார். ஆனால் அவருடைய பெயர் வரலாற்றில் நிற்கிறது. மற்றவர்களுக்கு எண்ணிக்கையே மிச்சம்.

சுரங்கத்தின் தென்வாசலான ஐரோலோவில், புகையிரத நிலையத்தருகே ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ரிச்சினோ மாநிலத்தவரான வின்சென்சோ வேலா, யாரும் கேளாமல், 1882 இல் வடித்தது. 1932 இல் இங்கு நிறுவப்பட்டது. இறந்த தோழனைத் தொழிலாளர் தூக்கிவருகிறார்கள். அவ்வளவுதான். அதில் புகையிரதம் இல்லை, பாலம் இல்லை, மலையின் கம்பீரமும் இல்லை. ஆனாலும் இந்தப் பாதையைப்பற்றி நாம் கண்ட படைப்புகளில் மிக உண்மையானது அதுவே. அன்று அதன் முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அடுத்த சரக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

இது சுவிஸ்காரரின் குறை என்று நாம் விலகிவிட முடியாது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படங்களை எமது வீட்டுச் சுவர்களிலும் மாட்டியிருக்கிறோம். அவற்றில் தேயிலையின் பச்சை தெரியும், நீலக் கோச்சி தெரியும், லயம் தெரியாது. அந்நியநாட்டில் கோப்பை கழுவி, அறை துடைத்து வாழும் நாமே கமராவைத் தூக்கியதும் உழைப்பவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகிறோம் என்றால், எமது பார்வை யாரிடமிருந்து இரவல் வாங்கியது?

பழுதென்று ஒதுக்கிய படம் ஒன்று எம்மிடம் உண்டு. வண்டி வந்த கணத்தில் செம்மஞ்சள் மேலங்கி அணிந்த தண்டவாளத் தொழிலாளர் இருவர் குறுக்கே வந்துவிட்டனர். ஒருவர் நெற்றி வியர்வையைத் துடைக்கிறார். இயந்திரம் பாதிதான் தெரிகிறது. அன்று அவர்களைத் திட்டினோம். இப்போது பெரிதாக்கிப் பார்க்கும்போது, அந்த இரண்டு நாளில் எடுத்த படங்களில் எங்கள் கையை நாமே அடையாளம் காணக்கூடிய படம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அதையும் நாமாக எடுக்கவில்லை. அவர்களாக வந்து நின்றார்கள்.