கொடையும் சுரங்கமும்

அரபு மொழியில் நூன், ஃபே, காஃப் என்னும் மூன்று மூலவெழுத்துகளினின்று பிறக்கும் சொற்கள் சிந்திக்கத் தக்கவை. 'இன்ஃபாக்' எனில் செலவிடுதல், சிறப்பாக நற்பணிக்கு ஈதல். 'நஃபக்' எனில் நிலத்தடியே ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும் சுரங்கவழி. 'நிஃபாக்' எனில் ஒரு வாயிலால் நுழைந்து மறுவாயிலால் நழுவிச் செல்லும் நயவஞ்சகம். ஈகையும் சுரங்கமும் வஞ்சகமும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை அகராதி ஆசிரியர்கள் விளக்கியுள்ளனர். எல்லை கடந்து வரும் கொடைகள் ஏழை மக்களின் அமைப்புகளை வாழவைக்கின்றனவா, வலுவிழக்கச் செய்கின்றனவா என்று ஆராயப் புகுவோர்க்கு இம்மூன்று சொற்களினும் நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. அவ்வளவுகோலைக் கொண்டு கராச்சி நகரின் ஒராங்கியில் நடந்த ஒரு பெருமுயற்சியை இங்கு மதிப்பிட முற்படுகிறோம்.

அம்முயற்சியின் தலைவர் அக்தர் ஹமீத் கான். 1914இல் ஆக்ராவில் பிறந்து, ஐ.சி.எஸ். பதவி பெற்று, வங்கப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணுற்றபின் அப்பதவியைத் துறந்தவர். அலிகருக்கு அருகே பூட்டுத் தொழிலாளியாக உழைத்தும், தில்லி ஜாமிஆ மில்லிய்யாவில் ஆசிரியராக இருந்தும் வாழ்வை நடத்தினார். 1950இல் கிழக்குப் பாகிஸ்தானின் குமில்லாவுக்குச் சென்று கல்லூரி முதல்வரானார். அங்கே 1959இல் தொடங்கிய கிராம வளர்ச்சிக் கழகம் அவரை உலகறியச் செய்தது. 1963இல் மக்சேசே விருதும் கிட்டியது.

குமில்லாவின் புகழுக்குப் பின்னால் அயல்நாட்டுத் துணை இருந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை பொருள் தந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வல்லுநர்களை அனுப்பியது. சிற்றூர்தோறும் உழவர் கூட்டுறவுச் சங்கம், அவற்றுக்கு மேலே வட்டாரச் சங்கம் என்ற அமைப்பு செம்மையாகவே வகுக்கப்பட்டது. ஆயினும் திட்டம் விரிய விரிய, கடனும் மானியமும் பெருகப் பெருக, சங்கங்கள் பல இடங்களில் வசதி படைத்தோர் கைக்குச் சென்றன. வாங்கிய கடன் திரும்பவில்லை. இக்குறைகளைக் கானே மறைக்காமல் எடுத்துரைத்தார். புகழ்பெற்ற தம் படைப்பின் பழுதைத் தாமே உலகறியச் சொல்லும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

1980இல் அவர் ஒராங்கிக்கு வந்தபோது அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அரசின் முறையான அனுமதியின்றி எழுந்த மாபெரும் குடியிருப்பு அது. 1971க்குப் பின் கிழக்கிலிருந்து அகதிகளாய் வந்தோர் பலரும் அங்கே குடியேறியிருந்தனர். சந்துகளில் கழிவுநீர் தேங்கி நின்றது, நோய் பரவியது. அரசு வந்து இலவசமாகச் சாக்கடை அமைத்துத் தரும் என்று மக்கள் காத்திருந்தனர். கான் கையில் பணம் இருந்தது. லக்னோவில் பிறந்த ஆகா ஹசன் ஆபிதி 1972இல் நிறுவிய பி.சி.சி.ஐ. என்னும் பன்னாட்டு வங்கி, தன் அறக்கட்டளை வழியாக அவருக்குப் பொருளுதவி செய்தது. அப்பணத்தைக் கொண்டு அவர் சாக்கடை கட்டித் தரவில்லை என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

1996இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'ஒராங்கி பைலட் புராஜெக்ட்' என்ற நூலில் தம் அனுபவங்களை அவர் தொகுத்தளித்தார். மக்களைத் தடுத்து நிறுத்தியவை நான்கு என்பது அவர் முடிவு. கழிவுநீரகற்றல் நம் வேலையன்று, அரசின் வேலை என்ற மனத்தடை. அண்டை வீட்டாரோடு சேர்ந்து செயற்படாத சமூகத்தடை. ஒப்பந்தக்காரர் கேட்கும் விலையைத் தாங்கவியலாத பொருளாதாரத் தடை. எப்படிக் கட்டுவது என்று அறியாத தொழில்நுட்பத் தடை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தையும் அவர் ஓர் அமைப்பாக்கினார். சந்தார் தம்முள் ஒருவரைத் தேர்ந்து, அவரிடம் பணம் செலுத்தி, வேலையையும் தாமே நடத்தினர். கானின் அலுவலகம் நிலமட்டம் பார்த்தது, வரைபடம் தந்தது, மலிவான வழிகளை ஆராய்ந்தது, கட்டுமான அச்சுகளையும் கருவிகளையும் இரவல் கொடுத்தது. குழாய்க்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. இவ்வண்ணம் ஆயிரக்கணக்கான சந்துகளில் நிலத்தடியே கழிவுநீர்ப் பாதைகள் அமைந்தன.

இதைப் படிக்குங்கால் அபூதாவூத் தொகுப்பில் வரும் ஒரு நிகழ்ச்சி நம் நினைவில் எழுகிறது. அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர் வீட்டில் இருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் கொணரச் செய்து, இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒரு திர்ஹத்தை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரி வாங்கவும் அவரிடமே கொடுத்தார்கள். கோடரிக்குக் காம்பை மட்டும் தம் கரத்தால் பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். மூலதனம் ஏழையுடையது, உழைப்பும் அவருடையது, காம்பு மட்டுமே உதவுபவருடையது. ஒராங்கிக்கு வந்த கொடை காம்பாக நின்றது. குமில்லாவில் அது கோடரியாகவும் விறகாகவும் மாறிப்போனது.

ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர்களும் எண்பதுகளில் ஒராங்கிக்கு வந்தனர். முன்கூட்டியே இலக்குகளையும் கால அட்டவணையையும் வகுத்துக்கொண்டு செயற்படுவது அவர்கள் முறை. மக்கள் எந்த வேகத்தில் இசைகிறார்களோ அந்த வேகத்தில் செல்வது கானின் முறை. இரண்டும் ஒத்துப்போகவில்லை, இரு முயற்சிகளும் தனித்தனியே பிரிந்தன. தொலைவிலிருந்து கொடுப்பவர்க்குக் கணக்குக் காட்ட வேண்டியவர், பக்கத்தில் வாழ்பவர்க்குச் செவிசாய்ப்பது கடினம் என்பதற்கு இது போதிய சான்று.

மேலும் கடியதொரு சோதனை 1991 ஜூலை 5ஆம் நாள் வந்தது. மோசடிக் குற்றச்சாட்டுகளின்பேரில் பல நாட்டு அதிகாரிகள் பி.சி.சி.ஐ. வங்கியை ஒரே நாளில் மூடினர். பிரிட்டனில் சிறு கடை வைத்து வாழ்ந்த ஆசியக் குடும்பங்கள் பல தம் சேமிப்பு முடங்கக் கண்டு கலங்கின. பாகிஸ்தானிலிருந்த அவ்வங்கியின் அறக்கட்டளை பின்னர் 'இன்ஃபாக்' என்றே பெயர் மாற்றிக்கொண்டது. கொடுத்த வங்கியின் உள்ளே நிஃபாக் புகுந்திருக்க, வாங்கிய சந்துகளின் கீழே நஃபக் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது! காரணம் எளிது. அக்குழாய்கள் வங்கியின் பணத்தால் ஆனவையல்ல. சந்தாரின் வியர்வையால் ஆனவை. கொடையாளி வீழ்ந்தபோது உடன் வீழாத அமைப்பே மக்களின் அமைப்பு. எனினும், பெறும் பணம் வந்த வழியை வினவ வேண்டிய கடமையை இது குறைத்துவிடாது. ஒருவரின் சேமிப்பைப் பறித்து மற்றொருவருக்குச் செய்யும் அறம் அறமாகாது.

ஒராங்கி முறையின்மீது நமக்குள்ள குறைபாட்டையும் சொல்லியாக வேண்டும். செல்வர் வாழும் பகுதிகளுக்குப் பொதுப்பணத்தில் சாக்கடை அமைக்கப்படுகையில், ஏழை மட்டும் தன் கைப்பொருளைச் செலவிட வேண்டுமா? வீட்டின் கழிப்பறை, சந்துக் குழாய், அவை சென்று சேரும் பகுதிக் குழாய் ஆகியவை மக்களின் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று கான் பிரித்தார். பிரிவு நியாயமானதே. ஆனால் மக்கள் தம் பங்கை முடித்த அளவுக்கு அரசு தன் பங்கை முடிக்கவில்லை. கழிவுநீரைச் சுமந்த இயற்கை ஓடைகளை வரைபடமாக்கி, நகரின் நிலமும் நீரும் யார் கையில் சிக்கியுள்ளன என்று ஆராய்ந்த கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கராச்சியில் 2020இல் வந்த பெருவெள்ளத்தின் பின், 2021இல் ஒராங்கி ஓடையின் கரையோர வீடுகள் பல இடிக்கப்பட்டன. சந்தைத் தாமே செம்மைப்படுத்திய மக்களால் நகரத்தை ஆள்வோரை அசைக்க இயலவில்லை. தற்சார்பு என்பது ஆட்சியாளரின் கடமையை மன்னித்துவிடும் சீட்டாக மாறிவிடக் கூடாது. உரிமையைக் கேட்கும் குரலுக்கு அது வலுவூட்ட வேண்டும். கானின் முறை முதற்பாதியை நிறைவேற்றியது. மறுபாதி இன்னும் எஞ்சியே இருக்கிறது.

இவ்வாராய்ச்சி நமக்கும் உரியதே. நம் குடும்பங்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர், ஊர் ஜமாஅத்துக்கும் மத்ரஸாவுக்கும் உவந்து அனுப்புகின்றனர். கட்டடம் எழுகிறது, கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுகிறது. உஸ்தாதின் மாதச் சம்பளத்துக்கும் பழுதான நீரேற்றும் மோட்டாருக்கும் ஊரார் மீண்டும் அயலூர்க் கடிதத்தையே எதிர்நோக்கி நிற்பாராயின், அக்கொடை ஒருபுறம் மட்டுமே திறந்த சுரங்கம். பணம் அனுப்புவோர், 'எவ்வளவு தேவை?' என்று வினவுமுன், 'நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள்? நான் அனுப்புவதை நிறுத்தினால் யார் நடத்துவீர்கள்?' என்று வினவட்டும். அவ்வினா கருமித்தனமன்று, உடன்பிறந்தானைத் தன்னோடு நிகராக மதிப்பதன் அடையாளம். விறகு வெட்டியவர் திரும்பி வந்தபோது அவர் கையில் பத்துத் திர்ஹங்கள் இருந்தன. மீண்டும் கேட்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை.